பழைய ஒயர வுட்டுடு

என் தம்பிக்குத் தமிழில் ஒரே ஒரு வினைச்சொல்தான் தெரியும்: வுடு. டீயில் சர்க்கரை வுடுவான். பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் வுடுவான். கதை வுடுவான். ஃபிஜியில், லபாசாவுக்குப் பக்கத்துப் புலிலேகாவில் எங்கள் கரும்புத் தோட்டத்தைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தான், அதை வுட்டான். முதல் கூ வந்த வருடம் நாட்டையும் வுட்டான். மற்ற வினைச்சொற்களை அவன் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வைத்திருந்தான். தமிழுக்கு இந்த ஒன்று போதும் என்று இருந்துவிட்டான். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை ஒழுங்காகப் படித்தவன். அவன் சேரும் வயதில் தமிழ் வாத்தியார் ஓய்வு பெற்றுவிட்டார், புது வாத்தியார் வரவில்லை. இதைச் சொல்லாமல் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வர முடியாது. என் கம்ப்யூட்டர் இலக்கணத்தால் எரிந்தது.

கூ என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் நடந்து போய் ஆட்சியை எடுத்துக்கொள்வதற்கு ஃபிஜியில் எந்த மொழிக்காரனும் சொல்லும் சொல் அது. குழந்தைகள் ரயில் விளையாடும்போது போடும் அதே சத்தம். எத்தனை கூ என்பதில்கூட எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. சிலர் நான்கு என்பார்கள். விமான நிலையத்தில் அழுகிற கூட்டம் எத்தனை முறை பெருகியது என்பதை வைத்து எண்ணுகிறவன் நான். என் கணக்கில் மூன்று.

அந்தக் கூட்டத்தை மேலிருந்து பார்த்தவன் நான். நாந்தி விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. அந்த வேலையின் உயிர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. நான் ஓர் உத்தரவு சொன்னால், விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘சரி’ என்றால் போதாது. ‘புரிந்தது’ என்றால் அதைவிட மோசம். எந்த ஓடுபாதை என்றேனோ அந்த ஓடுபாதை, எந்த உயரம் என்றேனோ அந்த உயரம். அவர் திருப்பிச் சொல்வதை நான் காது கொடுத்துக் கேட்டு, தப்பு இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். இதற்கு ரீட்பேக் என்று பெயர். பெரிய பெரிய ஜெட் விமானங்களின் தலைமை விமானிகளையெல்லாம் பள்ளிக்கூடப் பையன்களைப் போல மறுபடி சொல்ல வைத்திருக்கிறேன். ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டதில்லை.

முதல் கூவுக்குப் பிறகு நானும் தம்பியும் கனடாவுக்குப் போக ஆளுக்கொரு விண்ணப்பப் பாரம் வாங்கினோம். அவன் மனைவியின் அண்ணன் வான்கூவரில் இருந்ததால் அவனுக்குச் சீக்கிரம் ஆகிவிட்டது. என்னுடையதை நான் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி எடுத்து, மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். தலைநகர் சூவாவில் உள்ள அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்பா லபாசாவை விட்டு வர மாட்டேன் என்றார். எனக்கு மேற்பார்வையாளர் பதவி வரும் என்று ஒரு பேச்சு இருந்தது. யோசித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி குடும்பத்தோடு கிளம்பிய நாளில் புறப்பாட்டு வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். எங்களுக்கு ஆங்கிலம் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எங்களுக்கு ஹிந்தி தெரியும், அவர்களில் பாதிப் பேர் எங்களைவிட நன்றாகப் பேசுவார்கள். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் நாட்டைவிட்டுப் போகப் பாரம் போடுகிறான் என்று யார் காதிலும் விழக் கூடாது. அதனால் தம்பி என் தோளில் கை போட்டு, காதருகில் குனிந்து, தமிழில் சொன்னான்:

“அண்ணே, அந்த பாரத்த வுட்டுடு. யோசிக்காத.”

நான் “சரி” என்றேன்.

அவன் உள்ளே போனான். விட்டுடு என்கிறான், நீ வராதே என்கிறான், அப்பாவோடு ஒருவன் இருக்கத்தானே வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புகிறான். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ‘என்ன சொன்னாய்’ என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. மூத்தவன் இளையவனிடம் கேட்பதா? பாரத்தை விட்டேன்.

மேற்பார்வையாளர் பதவி, நான் பயிற்சி கொடுத்த ஆளுக்குப் போயிற்று. அவரும் பாவம், முதல் நாளே என்னிடம் வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். அப்பாவின் குத்தகை முடிந்து நிலம் கைவிட்டுப் போனது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நமாகாவில் என் வீட்டுக்கு வந்து, இரண்டு மழைக்காலம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்குத் தம்பி வந்தான். மூன்று நாள் என் வீட்டில் தங்கி, என்னோடு வானிலை பற்றிப் பேசினான். மூன்றாம் கூவுக்குப் பிறகு ஓய்வு வயதைக் குறைத்தார்கள். அறுபது வரை என்று நினைத்திருந்த என்னை ஐம்பத்தைந்தில் ஒரு கேக் வெட்டி அனுப்பினார்கள். கேக்கில் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு.

எங்கள் மகளும் மாப்பிள்ளையும் பிரிஸ்பேன் போகும்போது விட்டுப்போன சாமான்களில் ஒன்று இந்தக் கம்ப்யூட்டர். நமாகாவில் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை போனவர்களின் சாமான் அறையாக இருக்கும். ‘வெச்சிருங்க, வந்து எடுத்துக்கிறோம்’ என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். யாரும் வந்து எடுத்ததில்லை. மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர், கேம் ஆடுவதற்கென்றே கம்பெனியில் பூட்டி முடுக்கி அனுப்பியது. பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமும் மாறி மாறி எரியும். தீமிதித் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து லைட் போடுவார்களே, அந்த அழகு.

அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. விளையாட்டு என்று சொல்வது அநியாயம், எல்லாக் கருவியும் எல்லா விசையும் அசலைப் போல இருக்கும். தம்பிக்கும் அதே பைத்தியம் என்று மகள் மூலம் தெரிய வந்தது. இணையம் வழியாக இரண்டு பேரும் ஒரே விமானத்தில் உட்காரலாம். அவன் ஓட்டுவான். நான் பக்கத்து இருக்கையில் செக்லிஸ்ட் வாசிப்பேன். எனக்கு ஞாயிறு மதியம், அவனுக்கு அப்போதுதான் சனிக்கிழமை சாயங்காலம். ஒரு நாள் முன்னால் இருப்பது நான்தான், அதனால் என்ன பயன் என்பது வேறு விஷயம். இருபது வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் பேசிக்கொண்டிருந்த நாங்கள் அந்த விமானத்துக்குள் பேச ஆரம்பித்தோம். “வீல வுடுண்ணே” என்பான், நான் சக்கரத்தை இறக்குவேன். “லைட்டு வுடு” என்பான், போடுவேன். வெளியே வந்தால் பேச்சு நின்றுவிடும். தரையில் எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை.

பிறகு அந்த விளையாட்டில் புதுப் பதிப்பு வந்தது. தம்பி அதற்கு மாறினான். என் கம்ப்யூட்டரில் அது ஓடவில்லை, இழுத்தது. பசிபிக் சமுத்திரம் விக்கி விக்கி நகர்ந்தது. படம் காட்டுகிற கார்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி, இங்கே கல்யாணத்துக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் புதுக் கார்டு ஒன்றை அனுப்பி வைத்தான். அதைப் போட்டால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. கார்டு கேட்கிற மின்சாரத்தைப் பெட்டியிலிருந்த பவர் சப்ளையால் கொடுக்க முடியவில்லை.

“பவர் சப்ளைய மாத்துண்ணே, பத்து நிமிச வேலை,” என்றான் தம்பி. அவன் பாதி ஹிந்தியில் பேசுவதை இங்கே தமிழாக்கி எழுதுகிறேன், வுடு மட்டும் அவனுடையது. “இந்த ஞாயித்துக்கெழம நாந்தியில ஏறி வான்கூவர் வரைக்கும் வுடலாம்னு கீறேன். ஒனக்கு ஓடலன்னா சொல்லு. பக்கத்து சீட்டுக்கு இங்க ஒரு ரிட்டயர்டு பைலட்டு கேட்டுக்கினே கீறான்.”

“அவன் செக்லிஸ்ட் ஒழுங்கா வாசிப்பானா?”

“வாசிக்கவே மாட்டான். அதான் நிம்மதி.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த இருக்கை போனால் தம்பியோடு எனக்கு வேறு இருக்கை கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

பவர் சப்ளை என்பது ஓர் இரும்புப் பெட்டி. வீட்டு மின்சாரத்தை வாங்கி, கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்புக்கும் வேண்டிய சின்னச் சின்ன அளவில் பிரித்துக் கொடுக்கும். இந்த ‘கேமிங்’ ராஜாவுக்குக் கம்பெனிக்காரன் வைத்திருந்தது முந்நூறு வாட். வெளியே அத்தனை விளக்கு, உள்ளே முந்நூறு வாட். எங்கள் சுதந்திர தின விழா மாதிரி. கையேட்டைப் படித்தேன். நான் கையேடு படிக்கிறவன். நாற்பத்தோராம் பக்கத்தில், உறுப்புகளை மேம்படுத்த விரும்பினால் அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும் என்று போட்டிருந்தது. அருகிலுள்ள மையம் சிட்னி. பவர் சப்ளையைப் பிடித்திருக்கும் ஒரு திருகுமேல் சின்ன ஸ்டிக்கர்: கிழித்தால் உத்தரவாதம் ரத்து. பணம் கொடுத்து வாங்கியவன் தன் சொத்தைத் திறந்து பார்த்தால் தண்டனை. இப்படி ஒரு சட்டத்தை ராணுவம்கூட இங்கே கொண்டுவந்ததில்லை. கிழித்தேன். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நமாகாவில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. நடத்தியவர் ஓர் அம்மாள், என் மனைவியைவிட நாலைந்து வயது சிறியவர். நான் போனபோது கடையில் பாதி அலமாரி காலி. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, என்னை அண்ணன் முறை வைத்து, ஹிந்தியில் பேசினார்.

“ஐந்நூற்றைம்பது வாட் ஒண்ணே ஒண்ணு கெடக்கு, பாய். பெட்டி இல்ல, கையேடு இல்ல. அதெல்லாம் கண்டெய்னர்ல போயிடுச்சு.”

“சாமான இங்க வெச்சிட்டுக் கையேட்ட ஏன் அனுப்பினீங்க?”

“என் புருசன் பேக் பண்ணாரு,” என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“வேலை செய்யலன்னா திருப்பிக் கொண்டு வரலாமா?”

“வரலாமே. ஆக்லாந்துக்கு வாங்க. வீட்டுல சாப்பிட்டுட்டும் போலாம்.”

ஒரு பிளாஸ்டிக் பையில் புது ஒயர்களையும் போட்டுக் கொடுத்தார். “நீங்க எப்ப கெளம்பறீங்க?” என்று கேட்டார். இந்த ஊரில் இது ‘சாப்பிட்டீங்களா’ என்பதைப் போல. “நான் போகல” என்றேன். நோயைப் பற்றி விசாரித்துவிட்டதைப் போல அவர் முகம் மாறியது. “நல்லது, யாராவது இருக்கணுமில்ல,” என்றார். முதல் கூவிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு என் காது தடித்துப்போயிருக்கிறது. யாராவது இருக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் நான்.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். முந்தின நாளே ஓர் அட்டையில் செய்முறையை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். என் மனைவி வுனிமோனோ என்ற ஊர்க்காரி. தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால் அட்டையை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அவள் வாசிக்க வேண்டும், நான் செய்து முடித்து ‘ஆயிற்று’ என்று சொல்ல வேண்டும்.

“சுவத்துல ஸ்விட்ச் ஆஃப்,” என்றாள்.

“ஆயிற்று.”

“கோர்டு, அதான் ஒயரு, புடுங்கியாச்சா?”

“அட்டையில என்ன இருக்கோ அத வாசி. விளக்கம் வேண்டாம்.”

“மாஸ்டர் ஜி,” என்று எனக்கு ஒரு கும்பிடு போட்டாள். “ஸ்டார்ட் பட்டன் பத்து செகண்ட் அமுக்கு. ஏன்? ஒயருதான் இல்லியே.”

“உள்ள தேங்கியிருக்கிற மின்சாரம் வடியணும்.”

“தேங்கினது வடியறதுக்குப் பத்து செகண்டு போதுமா? ஒங்களுக்கு இருபது வருசம் போதலியே.”

பெட்டியின் இரும்பைத் தொட்டு, உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கினேன். நான்கு திருகைக் கழற்றி, மூடியைத் திறந்து, பழைய பவர் சப்ளையைப் பார்த்தேன். கார்டுக்கென்று ஒயர் அதில் இல்லவே இல்லை. தாய்ப்பலகைக்குப் போகிற தடித்த ஒயர்கள் பெட்டியோடு நிரந்தரமாகச் சேர்ந்தவை. இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கும் போகிற ஒயர் மட்டும் செருகிக் கழற்றும் வகை. அதைக் கம்பெனிக்காரன் பலகைக்குப் பின்னால் ஓட்டி, அங்கங்கே பிளாஸ்டிக் வாரால் இறுக்கிக் கட்டியிருந்தான். அந்த மெஷினிலேயே நேர்த்தியாகச் செய்யப்பட்ட காரியம் அது ஒன்றுதான்.

புதியதிலும் டிஸ்க் ஒயர் செருகிக் கழற்றும் வகைதான். பழைய ஒயரின் முனையை எடுத்துப் புதியதின் துளையில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் போயிற்று. கட்டை அவிழ்க்க வேண்டுமா, வேண்டாமா? கையேடு கண்டெய்னரில் கடல்மேல் போய்க்கொண்டிருக்கிறது. தம்பி இதே வேலையைத் தன் கம்ப்யூட்டரில் செய்தவன். அவனைப் போனில் கூப்பிட்டேன். அங்கே வெள்ளிக்கிழமை பிற்பகல், காரில் இருந்தான்.

“டேய், டிஸ்க்குக்குப் போற பழைய ஒயர் பின்னால கட்டிக் கிடக்கு. புதுசும் பையில இருக்கு. என்ன செய்யட்டும்?”

“பழைய ஒயர வுட்டுடுண்ணே,” என்றான். “யோசிக்காத.”

“சரி,” என்றேன்.

ஆமாம், அப்படியேதான் சொன்னான். நானும் அப்படியேதான் சொன்னேன். இவ்வளவு எழுதிவிட்டு இப்போது படிக்கிறவர்களுக்கு உடனே தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. கட்டி வைத்த ஒயர், பொருந்துகிற முனை, கலைக்காமல் அப்படியே இருக்க விடு என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அட்டையில் அந்த வரிக்கு எதிரே ‘ஆயிற்று’ என்று அவளைக் குறிக்கச் சொன்னேன்.

எல்லாம் பூட்டி, ஒயரைச் செருகி, சுவரில் ஸ்விட்சைப் போட்டேன். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். திருவிழா லைட்டுகள் எரிந்தன. காற்றாடி சுற்றியது. பிறகு டப்பென்று ஒரு சின்னச் சத்தம். கடுகு வெடிப்பது மாதிரி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாற்றம் வந்தது.

“கா பயா?” என்றாள் மனைவி. என்ன ஆச்சு என்று கேட்க வேண்டுமானால் பதற்றத்தில் அவளுக்கு ஹிந்திதான் வரும்.

சுவரில் ஸ்விட்சை அணைத்தேன். அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். “நாத்தம் வந்தா இன்னா பண்ணணும்னு இதுல எழுதலியே நீங்க.”

டிஸ்க் இரண்டும் எரிந்துவிட்டன. ஒன்றில் விமானம். இன்னொன்றில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஓட்டிய ஒவ்வொரு பயணத்தின் பதிவு. நான் வைத்திருந்த பதிவேடு அது. எந்த ஊரில் ஏறினோம், எங்கே இறங்கினோம், எத்தனை மணி நேரம் பேசினோம்.

காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். செருகும் முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி இருக்கும். எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஐந்து வோல்ட் போக வேண்டிய கம்பியில் பன்னிரண்டு போயிருக்கிறது. நாற்காலியில் உட்கார முடிகிறவன் எல்லாம் அந்த வேலைக்குச் சரி என்று நினைத்தவர்களின் கீழே பாதி ஆயுள் வேலை பார்த்தவன் நான். எனக்கே இது தோன்றாமல் போயிற்று.

தம்பியைக் கூப்பிட்டேன்.

“எரிஞ்சி போச்சுடா. டிஸ்க் ரெண்டும்.”

“எப்படிண்ணே? பழைய ஒயருக்குப் பதிலா புதுசு போட்டியா?”

“எதுக்கு எடுக்கணும்? நீதான வுட்டுடுன்ன.”

“ஆமா, வுட்டுடுன்னேன்!”

“அதான் வுட்டுட்டேன்.”

“ஐயோ, வுட்டுடுன்னா தூக்கிப் போடுன்னு அர்த்தம்ணே! பழைய ஒயரு வாணாம், தூக்கிப் போடு! யாராச்சும் பழைய ஒயரப் புது சப்ளையில வுடுவாங்களா?”

“வுட்டுடுன்னா தூக்கிப் போடுன்னு அர்த்தமா? வேற சொல்லே இல்லியா ஒனக்கு? ‘எடு’ன்னு ஒரு சொல் இருக்கு. ‘கழட்டு’ன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டெழுத்து, நாலெழுத்து. ஒனக்கு வாய் நோவுமா?”

“ஒனக்குத்தான் தமிழ் தெரியுமே! தெரிஞ்சவன்தான கேக்கணும்! எனக்குத் தெரிஞ்ச தமிழ் இவ்ளோதான்.”

“ஓஹோ. வுட்டுடுன்னா தூக்கிப் போடு. இத அன்னிக்கே புரிஞ்சிக்கிட்டவன்டா நான். ஏர்போர்ட்டுல காதுல வந்து சொன்னியே, பாரத்த வுட்டுடுன்னு. தூக்கிப் போட்டேன். இன்னிக்கு வரைக்கும் இங்க கிடக்கறேன்.”

அந்தப் பக்கம் கார் ஓடும் சத்தம் நின்றது. ஓரமாக நிறுத்தியிருப்பான்.

“எந்த பாரம்?”

“கனடா பாரம்.”

“அண்ணே.” அவன் குரல் வேறு மாதிரி ஆயிற்று. “அது வுட்டுடுன்னா... ஆபீஸ்ல வுட்டுடுன்னு சொன்னேன். சூவா ஆபீஸ்ல. குடுத்துடு, யோசிச்சிக்கினே கீறாதன்னு சொன்னேன். சிப்பாய்ங்க நின்னாங்களே, ஆபீஸு கீபீஸுன்னா தெரிஞ்சிடும்னு அத மட்டும் சொல்லல.”

நான் கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் வைத்தேன்.

“நான் இங்க ரெண்டு ரூம் வூடு புடிச்சி வெச்சிருந்தேன்,” என்றான். “நீ வருவேன்னு. ஒரு வருசம் பாத்தேன். பாரமே போடலன்னு தெரிஞ்சிது. சரி, அண்ணனுக்கு ப்ரமோசன் பெருசுன்னு வுட்டுட்டேன்.”

“எந்த வுட்டுட்டேன்?” என்று கத்தினேன். “எந்த வுட்டுட்டேன்டா இது?”

போனை வைத்தவன் அவனா நானா என்று நினைவில்லை. மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் முழுக்கக் கேட்டிருந்தாள். அவள் போய் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, மேலே கிடந்த கத்தரிக்கோல், சரடு, பழைய பேனாக்களை எல்லாம் வெளியே எடுத்தாள். அடியில் விரித்திருந்த காகிதத்தை உருவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கனடா பாரம். இழுப்பறையில் பூச்சி ஏறாமலிருக்க அவள்தான் விரித்திருக்கிறாள். என் கையெழுத்தின்மேல் பேனா மை ஒழுகிக் காய்ந்திருந்தது.

“முப்பது வருசம் ஏரோப்ளேன்காரன் ஒவ்வொருத்தன்கிட்டயும் திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லுன்னீங்க,” என்றாள். “தம்பிகிட்ட ஒரு வாட்டி திருப்பிக் கேக்க வாய் வரல.”

நான் சத்தம் போட்டேன். என்னென்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். கம்பெனிக்காரனைத் திட்டினேன், கையேட்டைக் கப்பலேற்றிய கடைக்காரம்மாளின் புருஷனைத் திட்டினேன், துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்களை, அவர்களை அனுப்பியவர்களை, தமிழ் வாத்தியாருக்குப் பதில் ஆள் போடாத பள்ளிக்கூடத்தை. அன்று எங்களால் சத்தமாக, ஊரறிய, எந்த மொழியிலும் ஒரு வாக்கியம் பேச முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு நாட்டில் அண்ணன் தம்பி வழியனுப்பும்போது முழு வாக்கியம் பேசப் பயப்பட வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்கள் பிறகு மன்னிப்பும் கேட்டார்கள், மாலையும் வாங்கினார்கள், சிலர் புத்தகம்கூட எழுதினார்கள். எனக்கு வந்த நஷ்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பாரத்தை எடுத்துப் போய் மறுபடி அதே இழுப்பறையில் விரித்து, கத்தரிக்கோலை அதன்மேல் வைத்து மூடினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விமானம் இல்லை. மதியம் முழுக்க அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோபுரத்தில் விமானம் தாமதமானால் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம்.

திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினேன். வாரையெல்லாம் வெட்டி, பழைய ஒயரைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். பையிலிருந்த புது ஒயரை ஓட்டினேன். கட்டு அவ்வளவு நேர்த்தியாக வரவில்லை. புது டிஸ்க்குக்கு லௌடோக்கா வரை போய் வந்தேன். விளையாட்டின் புதுப் பதிப்பு இணையத்தில் இறங்க மூன்று நாள் பிடித்தது. மின்சாரம் இரண்டு முறை போய்ப் போய் வந்தது. பவர் சப்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பொறுத்தவரை நல்ல சாமான். ஆக்லாந்து போன அம்மாளின் புருஷனைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

தம்பி வெள்ளிக்கிழமை ஒரு செய்தி அனுப்பினான். ஆங்கிலத்தில், ஒரே வரி: ஞாயிறு வழக்கமான நேரம், சீட் காலியாக இருக்கிறது.

போனேன். புதுப் பதிப்பில் நாந்தி விமான நிலையம் அச்சாக இருந்தது. கோபுரம் இருந்தது. என் ஜன்னல் எது என்றுகூடக் காட்ட முடியும். செக்லிஸ்ட் வாசித்தேன். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். இதுவரை அவன் அப்படிச் சொன்னதில்லை. “எரிபொருள், சரி பார்த்தாச்சு.” “கதவு, மூடியாச்சு.” அவனுக்கு வேறு வினைச்சொற்களும் தெரிந்திருக்கின்றன. எங்கே வைத்திருந்தானோ. வானில் ஏறி, கீழே தீவுகள் சின்னதாகி, மேகத்துக்கு மேல் போனோம். பசிபிக் சமுத்திரம் விக்காமல் நகர்ந்தது.

“அண்ணே,” என்றான்.

“சொல்லு.”

“அந்த ரெண்டாவது ரூம்ல இப்ப தையல் மெஷின் கீது. எடுத்துடலாம். ரெண்டு மாசம் வந்து இருந்துட்டுப் போ. விசிட்டர் பாரம் நானே போடறேன், நீ எங்கயும் எதையும் குடுக்க வாணாம்.”

“யோசிக்கறேன்.”

“யோசிக்காத,” என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “கோவத்த வுட்டுடுண்ணே.”

இந்த முறை நான் ‘சரி’ என்று சொல்லவில்லை.

“ரீட்பேக்,” என்றேன். “கோவத்த வுட்டுடு. தூக்கிப் போடவா, கொண்டுபோய்க் குடுக்கவா, இருக்கற எடத்துலயே இருக்க வுடவா? எது?”

தம்பி யோசித்தான். அவன் யோசிப்பது எனக்குக் கேட்டது.

“ஒனக்குத்தான தமிழ் தெரியும்,” என்றான் கடைசியில். “நீயே சொல்லு.”

மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். கோபம் இருக்கிற இடத்தில் இருக்கிறது. அடுத்த செக்லிஸ்டை வாசித்தேன்.